நேற்றுச் சொன்னதை இன்று சொல்லாதவள்

காலையில் முதல் பஸ்சு சிலமலையில் வந்து நின்றதும் கண்டக்டர் இறங்கி, என்னைத் தேடி டீக்கடைக்கே வந்தார். ஐந்து மாதமாகத் தினமும் சாயந்தரம் அவருடைய பஸ்சில்தான் போடிக்குப் போய் வருகிறேன். யாரைப் பார்க்கப் போகிறேன் என்பது அவருக்குத் தெரியும்.

"பெரியவரே, அந்தம்மா விடியக்காலம் தவறிட்டாங்களாம். மகன் பஸ் ஸ்டாண்டுல நின்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு. வர்றதுன்னா ஏறுங்க, வண்டி திரும்பப் போகுது."

கையில் இருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு ஏறினேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் அழுகை வரவில்லை. 'இன்றைக்கு என்ன சொல்வது என்று இனி யோசிக்க வேண்டாம்' என்ற நினைப்புதான் முதலில் வந்தது. அது தீரும் முன்பே, 'நேற்றைக்குச் சொல்லாமல் வந்துவிட்டேனே' என்ற நினைப்பு வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. இன்னும் எழுந்து போகவில்லை.

தவறிப்போன லேயாளை அறிந்த சபையாருக்கும், அவளோடு ஏலக்காய் எடுத்த பெண்களுக்கும் இதைச் சொல்லிவைக்க வேண்டும் என்று தோன்றியது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். லேயாள் எனக்குச் சொந்தம் இல்லை. ஆனால் தாவீது என்கிற என்னை அவள் அண்ணே என்றாள், நான் அவளைத் தாயி என்றேன். எங்கள் இருவருக்கும் அந்த முறையே போதுமாக இருந்தது.

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் அவள் காய் எடுத்தாள். அதே தோட்டத்து ஸ்டோரில் நான் தீப்போடுகிறவன். பச்சைக்காயைத் தட்டில் பரப்பி, கீழே குழாய் வழியாகச் சூட்டை ஓடவிட்டு, பச்சை நிறம் போகாமல் காயவைக்கிற வேலை. அவளும் நானும் இருந்தது ஒரே லயத்து வரிசையில், நடுவில் இரண்டு வீடு தள்ளி.

ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேலே வளர்ந்தாலும், காய் மேலே காய்க்காது. செடியின் அடித்தூரிலிருந்து கிளம்புகிற சரம் மண்ணில் படுத்துக் கிடக்கும், அதில்தான் காய். முட்டி போட்டுக் குனியாமல் ஒரு காய் கைக்கு வராது. எத்தனையோ பேர் வருஷக்கணக்காக அப்படிக் குனிந்து காய் எடுத்தார்கள். லேயாள் ஒருத்திதான் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பிடியும் முட்டி போடத்தான போறோம்? போட்டது போட்டாச்சு, அப்பிடியே ஆண்டவருக்கு ஒண்ணு சொல்லிட்டு வேலையப் பாப்பமே" என்பாள்.

காலையில் முதல் தூரில் முட்டி போட்டதும், முதல் காயைக் கிள்ளுவதற்கு முன்னால், ஆண்டவருக்கு நன்றியாக, வாய் திறந்து சத்தமாக ஒரு ஸ்தோத்திரம் சொல்வாள். எதற்காக என்று பெயர் சொல்லித்தான் சொல்வாள். 'சகல நன்மைகளுக்கும்' என்று மொத்தமாகச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. அதற்கு ஒரு சட்டமும் வைத்திருந்தாள்: நேற்றுச் சொன்னதை இன்று சொல்லக்கூடாது. என்றைக்குச் சொன்னதையுமே சொல்லக்கூடாது.

"நேத்து வடிச்ச சோத்தையா இன்னைக்கித் திங்கிறோம்?" என்று ஒருநாள் கேட்டாள்.

பக்கத்துத் தூரில் இருந்த பேச்சி விடவில்லை. பேச்சி எங்கள் வேதக்காரி இல்லை. மலையேறும் முன் அவர்கள் சாமிக்குச் சூடம் கொளுத்திவிட்டு வருகிறவள். ஆனால் லேயாளுக்குப் பக்கத்துத் தூரை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். "ஏக்கா, நா தெனமும் பழைய சோறுதான திங்கிறேன். எனக்குப் பழசே போதும், ஒங்க சாமிகிட்டச் சொல்லிரு" என்றாள். அந்த வரிசையே சிரித்தது. லேயாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பேச்சிக்குப் பழைய சோறாச்சும் இருக்கு, ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டுத்தான் காயில் கைவைத்தாள். அன்றைய கணக்கு அதோடு முடிந்தது.

மழைக்காலத்தில் அந்தச் சரிவில் அட்டை மொய்க்கும். எல்லோரும் இடுப்பில் உப்புப் பொட்டலம் செருகியிருப்பார்கள். "அட்டைக்கும் ஸ்தோத்திரமா?" என்று நான் கேலியாகக் கேட்டதுண்டு. "காலுல ஏறுச்சு, கண்ணுல ஏறலையேண்ணே. அதுக்குச் சொல்லுவேன்" என்றாள். ஒருமுறை கங்காணிக்குத் தொண்டை கட்டிப்போய்க் குரலே வரவில்லை. அன்று முதல் தூரில், "கங்காணி ஐயாவுக்குத் தொண்ட கட்டிருச்சு, ஸ்தோத்திரம்" என்றாள். அந்த மனுஷன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். திட்டவும் குரல் இல்லாமல் கையை மட்டும் ஆட்டிக்கொண்டு போனார்.

இதையெல்லாம் கேட்டு அவளைச் சாது என்று நினைத்துவிடாதீர்கள். வாய்த்துடுக்கு அதிகம், கோபமும் உண்டு. தண்ணீர்க் குழாயில் யாராவது குடத்தை முந்தி வைத்துவிட்டால் அவள் பேசுகிற பேச்சில் ஸ்தோத்திரம் ஒன்றும் இருக்காது. அவளுடைய புருஷன் எல்லைக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறேன் என்று போய், அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டான். சேதி தெரிந்த மறுநாள் காலை, இன்றைக்கு என்ன சொல்லப்போகிறாள் என்று எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அவள் வாயையே பார்த்தார்கள். முட்டி போட்டாள். பிறகு, "போறவன் கம்பளிய விட்டுட்டுப் போயிட்டான். எம் பிள்ளைக்குக் குளுராது. ஸ்தோத்திரம்" என்றாள். அந்தப் பிள்ளைதான் இப்போது பஸ் ஸ்டாண்டில் நின்று சொல்லியனுப்பிய மகன்.

அந்தக் கம்பளியைப் பற்றி நான் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி. விடாத மழை. என் வீட்டுக்காரி ராகேலுக்குக் காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மண் சரிந்து ரோடு அடைபட்டுக் கிடந்தது, ஜீப்பு ஏற வழியில்லை. லேயாள் வீட்டுக்குள் ஓடிப்போய் அந்தக் கம்பளியைக் கொண்டுவந்தாள். அதைக் கம்பில் தூளியாகக் கட்டி, நாங்கள் நாலு பேர் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினோம். லேயாள் பக்கத்திலேயே சாக்கை விரித்துப் பிடித்து, ராகேல் முகத்தில் மழை விழாமல் வந்தாள். பாதித் தூரத்தில் ஒரு வளைவு உண்டு. மேகம் விலகினால் போடி ஊர் முழுவதும் கீழே தெரியும். ஆஸ்பத்திரி இருக்கிற பக்கம்கூடக் கையை நீட்டிக் காட்டலாம். அந்த இடத்தில் மேகமும் விலகியது, ராகேலுக்கு மூச்சும் நின்றது. ஊரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கண்ணுக்கு எட்டியது, காலுக்கு எட்டவில்லை.

திரும்ப மேலேயே தூக்கிப்போய் அடக்கம் செய்தோம். மண் போட்டு முடித்ததும் எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, லேயாளைப் பார்த்துக் கத்தினேன்.

"சொல்லு தாயி! தெனமும் ஒண்ணு சொல்லுவியே, நாளைக்கு எதுக்குச் சொல்லப்போற? இதுக்கும் சொல்லுவியா? சொல்லித் தொலை, கேக்குறேன்!"

அவள் தலையில் போட்டிருந்த சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் நடந்ததைப் பேச்சி சொல்லித்தான் தெரியும். லேயாள் வழக்கம்போல முதல் தூரில் முட்டி போட்டிருக்கிறாள். சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமல் காயில் கைவைப்பதில்லை என்பது அவளுடைய வழக்கம். அதனால் கையும் வைக்கவில்லை. வரிசை அவளைத் தாண்டிப் போய்விட்டது. கங்காணி வந்து சத்தம் போட்டார், அரைநாள் கூலி போச்சு என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு அங்கேயே இருந்தாளாம். உச்சிப்பொழுதுக்குத்தான் என்னவோ முணுமுணுத்துவிட்டு முதல் காயைக் கிள்ளினாளாம்.

சட்டென்று ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்த்திருக்கலாம். சொல்லியிருந்தால் அவளை நான் ஜென்மத்துக்கும் மன்னித்திருக்க மாட்டேன். அவள் ஆண்டவரிடமும் பொய் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்த மத்தியானம் என்ன சொன்னாள் என்பது மட்டும் எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. சில வருஷம் கழித்து ஒருநாள் கேட்டேன். "அது எனக்கும் அவருக்கும் உள்ளதுண்ணே" என்று முடித்துவிட்டாள்.

ராகேல் போனபிறகு நான் கோயிலுக்குப் போனேன், பாட்டுக்கு எழுந்து நின்றேன். ஸ்தோத்திரம் என்ற சொல் மட்டும் என் வாயில் வரவில்லை. சபையே சொல்லும்போதுகூட உதட்டை மூடிக்கொண்டேன். அது ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்தும் அவள் ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. பிறகு ஸ்டோர்ப் புகை என் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் நான் மலையை விட்டிறங்கி சிலமலையில் மகள் வீட்டோடு தங்கினேன். அவளும் மகன் போடியில் ஜீப்பு ஓட்டத் தொடங்கியதும் இறங்கிவந்துவிட்டாள்.

ஐந்து மாதத்துக்கு முன் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்தது. பேச்சு முழுவதும் போயிற்று. மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். மருமகள் சுகந்தி கண் வீங்கி நின்றாள்.

"பெரியப்பா, ரெண்டு நாளா இடது கையால கட்டிலத் தட்டிக்கிட்டே இருக்காக. தண்ணி குடுத்தாச்சு, புரட்டிப் படுக்க வச்சாச்சு, வேற என்ன கேக்குறாகன்னே வெளங்கல."

நான் போய் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் தட்டுவதை நிறுத்தினாள். இடது கைப் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, காற்றில் எதையோ கிள்ளுவதுபோலக் கிள்ளினாள். காய் கிள்ளுகிற கை. கிள்ளுவதற்கு முன்னால் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு விளங்கிவிட்டது. வாய் போய்விட்டது, நாள் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. சொல்லாமல் அவளுக்கு எந்த நாளும் தொடங்காது.

சுகந்தியிடம் சொன்னேன். அவள் உடனே, "அத்தைக்கு இன்னைக்குக் காய்ச்சல் இல்ல, ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றாள். லேயாள் தலையை இல்லை என்று ஆட்டினாள். விரலை நீட்டி என்னைக் காட்டினாள்.

"எனக்கு அதெல்லாம் வராது தாயி. ஒனக்குத் தெரியாதா?"

கட்டிலை ஓங்கி ஒரு தட்டு.

"தெரிஞ்சே பண்றியே, ஞாயமா?"

இன்னொரு தட்டு. தண்ணீர்க் குழாயடியில் பார்த்த அதே கோபம் ஒற்றைக் கண்ணில் நின்றது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. "வரும்போது பஸ்சுல உக்கார எடம் கெடச்சுச்சு" என்றேன். அவள் காத்திருந்தாள். மீதியும் வந்தாக வேண்டும் அல்லவா? "ஸ்தோத்திரம்" என்றேன். அத்தனை வருஷம் அடைத்துக் கிடந்த சொல், துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திறப்பதுபோலக் கரகரவென்று வந்தது. அவள் வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. விரல்கள் அந்தக் காயைக் கிள்ளின.

அன்றிலிருந்து தினமும் சாயந்தரம் போனேன். அவளுடைய சட்டம் அப்படியே இருந்தது. வேலியில் உட்கார்ந்த மைனாவைச் சொன்னேன், கரண்டு போகாத நாளைச் சொன்னேன். சுகந்தி வைத்த ரசத்தில் உப்பு கூடிப்போன அன்று நான் வீட்டிலேயே சாப்பிட்டு வந்துவிட்டதைச் சொன்னேன். சுகந்தியே சிரித்துவிட்டாள். ஒருநாள் ஒன்றும் தோன்றாமல், இரண்டு மாதத்துக்கு முன் சொன்ன பஸ்சு இடத்தையே மறுபடி சொல்லிப் பார்த்தேன். கையில் அடித்தாள். எனக்கு ஞாபகசக்தி அதிகம் என்று ஊரில் சொல்வார்கள். பேச்சில்லாமல் படுத்துக்கிடந்த அவளிடம் அது பலிக்கவில்லை.

போதகர் ஐயா ஒருமுறை வந்தார். உருக்கமாக ஜெபம் செய்து, ஜீவனுக்காகவும் பெலனுக்காகவும் கிருபைக்காகவும் ஸ்தோத்திரம் என்று முடித்தார். லேயாள் தலையை இல்லை என்று ஆட்டினாள். ஐயா திகைத்துப்போய், "என்னப்பா, அம்மாவுக்கு விசுவாசம் தளர்ந்துபோச்சா?" என்றார். "அதில்லங்கையா, அந்த மூணையும் போன வாரமே சொல்லியாச்சு" என்றேன். அவர் நல்ல மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வரும்போது செருப்பு அறுந்துச்சு, தைக்கிறவர் பக்கத்துலயே இருந்தாரு, ஸ்தோத்திரம்" என்றார். அதை ஏற்றுக்கொண்டாள்.

கடைசிப் பத்து நாள் அப்படி இல்லை. முதுகில் புண் வந்தது. கஞ்சி இறங்கவில்லை. புரட்டிப் போட இரண்டு பேர் வேண்டும். புரட்டும்போது வாயில் சத்தம் வராமல் கண்ணில் தண்ணீர் மட்டும் வழியும். அந்த வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு எதைத் தேடுவது? தெருவில், பஸ்சில், வயலில் எதையாவது பொறுக்கிக்கொண்டு போவேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அது வாயில் சாம்பலாகிவிடும். இருந்தாலும் எப்படியோ சொல்லிக்கொண்டு வந்தேன்.

கடைசிச் சாயந்தரம் எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. விரல்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அரைமணி நேரம் இருந்திருப்பேன். கடைசி பஸ்சுக்கு நேரமாகிவிட்டது.

"வரல தாயி. நெசமாவே வரல. என்னைய விட்டுரு. நாளைக்கு ரெண்டாச் சொல்லிர்றேன்."

அவள் விரல்களைப் பிரித்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். விடிந்ததும் கண்டக்டர் டீக்கடைக்கு வந்தார்.

அடக்கத்துக்குப் பேச்சி வந்திருந்தாள். தலை முழுதும் நரைத்துவிட்டது. மண் போட்டு எல்லோரும் கலையும்போது என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, ஒங்க வீட்டுக்காரி செத்த மறுநா, உச்சிப்பொழுதுல அக்கா என்ன சொன்னான்னு ஒனக்குத் தெரியுமா?"

"எங்கிட்ட அவ சொல்லலியே."

"என்னையும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருந்தா. இனிமே என்ன? 'ஆண்டவரே, தாவீதண்ணன் என்னையத்தான் திட்டுச்சு, ஒம்மையத் திட்டல. ஸ்தோத்திரம்.' கூப்புடப் போன எங் காதுல விழுந்துச்சு, அம்புட்டுத்தான் சொன்னா. சொல்லிட்டு அழுதா, பெறகு காயெடுத்தா."

என் கையில் மண் ஒட்டியிருந்தது. அதைத் தட்டவும் தோன்றாமல் நின்றேன். அவளிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும் என்றால் இனி எந்தக் கட்டிலுக்குப் போவது?

மறுநாள் சாயந்தரம் பஸ்சு நேரத்துக்குக் கால் தானாக ரோட்டுக்குப் போய்விட்டது. கண்டக்டர் ஒன்றும் கேட்காமல் சீட்டுக் கிழித்துக் கொடுத்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து, அவளுடைய முதுகை நினைத்துக்கொண்டே போனேன். என்மேல் கோபித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிய முதுகு. அதுதான் எனக்குக் கிடைத்த கடைசிப் பதில். போடிக்குள் பஸ்சு நுழைகிற நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. திரும்பினாளே! புரட்டிப் போட இரண்டு பேர் வேண்டியிருந்தவள், யாரும் தொடாமல் தானாகத் திரும்பினாளே! கண்ணுக்கு முன்னால் நடந்ததைக் கோபம் என்று மட்டும் பார்த்துவிட்டு, செருப்பைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டில் கட்டிலை மடக்கிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். சுகந்தி என்னைப் பார்த்து அழுதாள். நான் அந்த வெற்று இடத்தில் தரையில் உட்கார்ந்தேன். வயதான முட்டி, மடக்கக் கொஞ்சம் நேரமானது.

"முந்தாநேத்து சாயந்தரம் லேயா தானாப் பொரண்டு படுத்தா. ஸ்தோத்திரம்" என்றேன்.

சுகந்தி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆமா பெரியப்பா. நாங்க யாரும் புரட்டல. காலையில பாத்தப்பவும் செவரப் பாத்தபடியேதான் இருந்தாக. வலியில்லாத மொகமா இருந்துச்சு."

அவளிடமிருந்து என்னிடம் தங்கியது இந்த ஒரு வழக்கம்தான். எனக்கு அதை ஒழுங்காகச் செய்யத் தெரியாது. சொன்னதையே சொல்கிறேனா, சொன்னது செல்லுமா செல்லாதா என்று தலையாட்டிச் சொல்ல ஆள் இல்லை. இரண்டாகச் சொல்கிறேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். அன்று ஒன்றுதான் சொன்னேன். இன்னொன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்கும்வரை வலது கை விரல் இரண்டும் சேர்ந்தபடியே இருக்கின்றன, கிள்ளாமல்.